குச்சி நட்ட இடம்

போன பங்குனி முடியப் போகிற சமயம். எதிர்வீட்டுக்காரர் கேட்டருகே நின்று கேட்டார்: "என்ன சார், வீட்டை விக்கிற யோசனையா?"

அவர்மேல் தப்பில்லை. வண்டலூரைத் தாண்டிச் செங்கல்பட்டு போகும் வழியில், ஏரி ஒன்றின் மேட்டுப் பக்கமாக மனை பிரித்த ஊர் எங்களுடையது. கட்டடம் போக மிச்சமிருக்கும் இரண்டரை சென்டில் அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்தது செஞ்சரளை, மண்ணோடு மக்கிக்கொண்டிருந்த தும்பைச் சருகு, இலை கொட்டிக் குச்சி குச்சியாக நின்ற கிளுவை வேலி, பாதி மொட்டையான கொன்றை. அவ்வளவுதான். அவர் வீட்டில் கொரியன் புல் பாயாக விரிந்திருக்கும். காகிதப்பூ மூன்று நிறத்தில் சுவரேறியிருக்கும். காலையும் மாலையும் ஹோஸ் பைப்பில் தண்ணீர். நடுவே இருப்பது இருபதடிச் சாலைதான். வெயிலும் ஒரே வெயில்தான். அவர் பக்கத்தைப் பார்த்து மட்டும் இது எந்த மாதம் என்று சொல்லிவிட முடியாது.

"இல்லீங்க, எல்லாம் தூங்குது" என்றேன். சிரித்துவிட்டுப் போனார். ரிட்டயரானவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது.

பொய் சொல்லவில்லை. வாசற்படியிலிருந்து ஏழெட்டடி தள்ளி, அரைச் சாண் ஆழத்தில், காந்தள் கிழங்கு ஒன்று கிடந்தது. மூலனூர்ப் பக்கத்து உறவினர் ஒருவர் மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தது. அங்கே அது வயிற்றுப்பாட்டுப் பயிர். விதையிலிருந்து எடுக்கும் கொல்கிசின், கீல்வாத மருந்துக்குப் போகிறது. கொடிக்குப் பற்றுக்கோலாகக் கிளுவையையும் விராலியையும் நட்டு, பூக்கும் பருவத்தில் வெயிலேறுமுன் வரிசை வரிசையாக நடந்து, மகரந்தத்தைக் கையால் தொட்டுச் சூல்முடியில் வைத்துவிட்டு வருவார்கள். ஏன் இந்தப் பாடு என்றால், பூவின் அமைப்பு அப்படி. ஆறு இதழும் மேல்நோக்கி மடிந்து தீயாய் எரிய, மகரந்தக் காம்புகள் ஆறும் சக்கரத்தின் ஆரம்போலச் சுற்றி விரிய, சூல்தண்டு மட்டும் அடியிலேயே செங்கோணமாக ஒடித்துக்கொண்டு ஒரு பக்கமாக நீட்டி நிற்கும். தன் மகரந்தம் தன்மேல் படாமலிருக்கத் தானே விலகிக்கொள்வது போல. பள்ளிப் புத்தகத்தில் மாநில மலர் என்று படம் பார்த்த நாளிலெல்லாம் இது தெரியாது. மடிந்த இதழ்தான் படத்தில் தெரிந்தது. விலகி நிற்கும் தண்டைப் பார்க்கத் தரையில் குந்தி உட்கார வேண்டியிருந்தது.

இந்தத் தோட்டம் நான் போட்டதென்று சொல்லிக்கொள்ள முடியாது. 2019இல் பட்டுப்போன இன்னொரு தோட்டத்தின் மேல் இது வந்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கோடை அது. எங்கள் ஆழ்துளைக் கிணறு சித்திரையிலேயே காற்றைக் கக்கியது. லாரித் தண்ணீர் வாங்கிக் குளிக்கிற வீட்டில் புல்லுக்கு யார் ஊற்றுவது? என்னிடமும் அப்போது கொரியன் புல் இருந்தது. நர்சரியில் ஆங்கிலப் பெயர் சொல்லி வாங்கிய பத்துப் பன்னிரண்டு அழகுச் செடிகளும் இருந்தன. மூன்று வாரத்தில் புல் வைக்கோலாயிற்று. செடிகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. பணம் போன வருத்தத்தைவிட, ஒவ்வொரு சாயங்காலமும் அவை என்னைப் பார்ப்பதாக ஒரு குற்ற உணர்ச்சி. கடைசியில் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்தேன்.

ஆவணியில் இரண்டு மூன்று இடிமழை. ஜன்னலைத் திறந்தபோது தரை பச்சையாக இருந்தது, நான் நடாத பச்சை. எனக்கு அதெல்லாம் களை. பிடுங்கிப் போட ஆள் தேடினேன். பின் தெருவில் ஆடு வளர்க்கும் ஆயா ஒருவர், கூலி வேண்டாம், புல்லைக் கொடு போதும் என்று அரிவாளோடு வந்தார். வந்தவர் குனிந்த நிலையிலேயே நின்று, கணக்கெடுப்பு போலச் சொல்லத் தொடங்கினார்.

"இத்தையா புடுங்கச் சொல்ற? இது மூக்கரட்ட, கடைஞ்சி துன்னலாம். அது சாரண. இது துத்தி, மூலத்துக்கு ஆவும். கீழாநெல்லி பாரு, மஞ்சக்காமாலைக்கு. அந்தாண்ட வேலில ஏறினு கீதே, அது முடக்கத்தான். தோசைக்கி அரைக்கச் சொல்லு வூட்ல."

நான் பின்னாலேயே நடந்தேன். பட்டம் வாங்கியவன், நாற்பது வருஷம் தமிழ்நாட்டு மண்ணில் நடந்தவன், எதற்கும் பெயர் தெரியாதவன். காசு கொடுத்து வாங்கி வைத்த செடிகளுக்குத் தமிழ்ப் பெயர் இல்லை, தானாக வந்தவற்றுக்கெல்லாம் இருந்தது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பெயர் மட்டுமா, ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய், ஒரு குழம்பு, ஒரு எச்சரிக்கை. மூலையில் வெள்ளைப் பூவோடு நின்ற ஒன்றைப் பார்த்துத்தான் ஆயா தயங்கினார். "இது எந்தூட்டுப் புள்ளயோ, தெரியல." அது பார்த்தீனியம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களை. அதை மட்டும் வேரோடு பிடுங்கினோம். தாவரவியல் படித்தவர்கள் ஏற்க மாட்டார்கள், ஆனால் அன்றுமுதல் எனக்கு நாட்டுச் செடி என்றால் ஆயாவுக்குப் பெயர் தெரிந்த செடி.

இந்த இலக்கணம் எல்லா இடத்திலும் செல்லாது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. ஆயாவுக்குப் புளியமரம் தெரியும். அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. மார்கழி விடியலில் சாணி உருண்டையில் செருகும் மஞ்சள் பூவுக்குரிய கொடி அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. பரங்கி என்ற பெயரே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சிவன் கோவில்களில் நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நாகலிங்க மரத்துக்குத் தென்னமெரிக்கா. மிளகாயையும் தக்காளியையும் வேலிக்கு வெளியே வைத்தால் சாப்பாட்டுத் தட்டில் என்ன மிஞ்சும்? நாட்டுச் செடிப் பித்துப் பிடித்த நண்பர் ஒருவர், பக்கத்து வீட்டுச் செம்பருத்தியைக்கூட அந்நிய ஊடுருவலாகப் பார்க்கிறார். எனக்கு அந்தக் கோபம் வருவதில்லை. வந்த செடி மற்றவர்களுக்கு இடம் விடுகிறதா என்பதுதான் என் கேள்வி. புளி விட்டது, கிளிக்கும் குரங்குக்கும் நமக்கும் விட்டது. உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் விடவில்லை. ஏரிக்கரை முழுக்க இப்போது சீமைக் கருவேலம்தான். அதன் நிழலில் புல்கூட எழும்ப மாட்டேனென்கிறது.

ஆயாவின் பாடத்துக்குப் பிறகு நான் செய்ததெல்லாம் சேர்த்தல். வேலிக்குக் கொங்குப் பக்கத்திலிருந்து கிளுவைப் போத்து. அங்கே கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி அதைத்தான் நட்டிருப்பார்கள். கட்டைவிரல் தடிமனுள்ள கொம்பை வெட்டி ஊன்றினால் வேலி, கூலி வெட்டுவதற்கு மட்டும். உள்ளே ஆவாரை, நொச்சி, காரை, ஒரு நுணா. ஆவாரை விதையும் கொன்றை விதையும் அப்படியே போட்டால் முளைக்காது, தோல் கல். அம்மிக்கல்லில் ஒரு பக்கம் தேய்த்து, இரவு ஊறவைத்துப் போட வேண்டும். வேப்பங்கொட்டை நேர்மாறு. பழுத்து விழுந்ததும் போட வேண்டும், சில வாரம் தாண்டினால் உயிர் போய்விடும். அதற்கு நான் சிரமப்படத் தேவையிருக்கவில்லை. மின்கம்பிக்கு நேர் கீழே வரிசையாக வேப்பங்கன்றுகள் முளைத்திருந்தன. கம்பியில் உட்கார்ந்த காக்கையும் மைனாவும் நட்டவை.

தண்ணீர் ஊற்றுவதை முதல் வருஷத்தோடு நிறுத்தினேன். கஞ்சத்தனம் என்று மனைவி சொன்னாள், அதில் பாதி உண்மை. மீதிப் பாதி வேறு. பைப்பைக் கையில் பிடித்திருந்தவரை எனக்குத் தோட்டத்தில் காலம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வாரம் ஏழு நாளும் ஒரே பச்சை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பத்தாம் வகுப்பில் ஒப்பித்த ஆறு பொழுதும் பரீட்சைத் தாளோடு போயின. சென்னைக்கு வெயில், அதிக வெயில், வெள்ளம் என்று மூன்றே காலம் என்ற பழைய நகைச்சுவையை நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். குழாய் நின்ற மறுவருஷம் ஆறும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஆனால் புத்தகத்தில் இருந்த ஒழுங்கில் அல்ல.

புத்தகப்படி ஆவணி, புரட்டாசி கார். எங்கள் கரையில் அது தொட்டுக்கொள்கிற மழை. மேற்கே கறுத்து, சாயங்காலம் அரைமணி நேரம் கொட்டி, இரவில் நட்சத்திரம் காட்டும். வருஷத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் பெய்கிறதென்றால், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பருக்குள். கூதிர்தான் எங்களுக்குக் கார். செடிகளுக்கு இது தெரிந்திருக்கிறது. ஆவணி இடிமழையில் எழும்புவது தும்பை, சாரணை போன்ற அவசரக்காரர்கள். அவை பெருமழைக்குள் ஒரு தரம் விதைத்தே முடித்துவிடும். காந்தள் ஆடிச் சாரலில் மூக்கை நீட்டினாலும் நிதானமாக ஏறி, இலையின் நுனியையே சுருட்டிக் கொக்கியாக்கி நொச்சியைப் பிடித்துக்கொண்டு, ஐப்பசியில்தான் பூவைக் காட்டும். கார்த்திகைப் பூ என்றும் அதற்குப் பெயர் இருக்கிறது. முதல் மழைக்கு மறுநாள் காலையில் வெல்வெட்டுத் துணியைக் கிள்ளிப் போட்டது மாதிரித் தம்பலப் பூச்சிகள் சரளைமேல் ஊரும். இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் தேடினால் கிடைக்காது.

கொன்றை விஷயத்தில் எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. குறுந்தொகையில், கார்காலத்தில் வருவேனென்று சொல்லிப் போனவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது. ஒரு பாட்டில், கொன்றை என்ன சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார் என்கிறாள் தலைவி. இன்னொன்றில் தோழி ஒரு படி மேலே போய், காலமல்லாக் காலத்தில் பெய்த மழையைக் காரென்று நினைத்துப் பூத்துவிட்ட மடமரம் இது என்று கொன்றையைத் திட்டுகிறாள். வகுப்பில் கேட்டபோது ரசித்தேன். வாசலில் கொன்றை வளர்த்த பிறகு தோழிமேல் எரிச்சலாக இருக்கிறது. என் கொன்றை சித்திரையில் பூக்கிறது. மலையாளிகள் விஷுக்கணிக்கு அதைத்தானே வைக்கிறார்கள். அப்போது ஒரு சொட்டு மழை கிடையாது. இலை பாதியும் கொட்டி, போன வருஷக் காய்கள் கறுப்புக் குழலாகத் தொங்கிக்கொண்டிருக்கையிலேயே, சரம் சரமாக மஞ்சளை இறக்கிவிடுகிறது. சில வருஷம் ஆவணி மழைக்கு மறுபடியும் நாலைந்து சரம் விடும், ஞாபகம் வந்ததுபோல. பாட்டுக்காரர்கள் பார்த்தது எந்தப் பூப்பு என்ற சண்டைக்கு நான் போகவில்லை. ஆனால் சொன்ன சொல் தவறியவனைக் காப்பாற்ற மரத்தை முட்டாளாக்கியது நியாயமில்லை. மரம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

பூ என்றதும் காயா ஞாபகம் வருகிறது. காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைச் சொல்லாத பஜனை மடம் இல்லை. சொல்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பூவைக் கண்டிருப்போம்? நான் ஐம்பத்தெட்டு வயதில் கண்டேன். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோவில் காட்டில். தாவரவியலார் இந்த வகைக் காட்டுக்கு வைத்திருக்கும் பெயர் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. உலர்ந்ததும் பசுமை மாறாததும் எப்படி ஒன்றாகும் என்று கேட்டால், உள்ளே போய் நின்று பார்க்க வேண்டும். சோழமண்டலக் கரையோரம் நெடுகப் பரவியிருந்த காடு. இன்று கோவிலுக்குப் பயந்து விட்டுவைத்த துண்டுகளாக மிச்சம். சித்திரைக் கத்திரியில் வெளியே தார் உருகுகிறது. உள்ளே தோல்போலத் தடித்த கரும்பச்சை இலைகள், ஒன்றும் வாடவில்லை. ஆளுயரத்துக்கு மேல் ஒரு புதர். அதன் கிளைக் கணுக்களில், இலைக்காம்பு ஒட்டும் இடத்தில், நீலம் கொத்துக் கொத்தாக அப்பியிருந்தது. வானத்து நீலமில்லை, மயில் கழுத்துமில்லை; மைக்கூட்டில் கொஞ்சம் ஊதா விழுந்த நீலம். என்னோடு வந்தவர், கடைசியாகப் பெருமாள் கோவிலுக்குப் போன வருஷம் எது என்று தனக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் காட்டில் சுள்ளி ஒடிக்க மாட்டார்கள், நானும் ஒடிக்கவில்லை. நாட்டு மரக்கன்று வளர்ப்பவர் ஒருவரிடம் விலைக்கு வாங்கி, 2020 மழையில் காயாக் கன்று நட்டேன். இன்றைக்கு இடுப்பளவு. இன்னும் பூக்கவில்லை. கூடவே நட்ட முருங்கை இதற்குள் மூன்று முறை முறிந்து மூன்று முறை வீட்டை மறைத்துவிட்டது. அவசரக்காரர்களுக்குக் காற்று வேறு கணக்கு வைத்திருக்கிறது போலும். 2016 டிசம்பர் 12, வர்தா புயலன்று, எங்கள் சாலையில் வேகமாக வளருமென்று வைத்த நிழல் மரங்கள் விழுந்து கார்களை நசுக்கின. ஏரிக்கரைப் பனைகள் தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றன.

தொல்லை இல்லாமலில்லை. ஐப்பசியில் வாசல் வரைக்கும் செடி ஏறும்போது, பாம்பு வருமென்று குடியிருப்போர் கூட்டத்தில் என் வீடு தீர்மானப் பொருளாகும். ஒரு முறை சாரைப்பாம்பு வந்தது உண்மை. எலி குறைந்ததும் உண்மை. இரண்டாவதை யாரும் பதிவு செய்யவில்லை. எருக்குக்கு வெளுப்பும் கறுப்பும் மஞ்சளுமாக வரிவரியாய்ப் புழு வந்தால், மருந்து அடிக்கச் சொல்லி ஒருவர் டப்பாவோடு வருகிறார். அதுதான் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியாகப் போகிறது, எருக்கம்பாலின் நஞ்சைத் தின்றுதான் பறவைக்குக் கசக்கிறது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். டப்பாவை வாங்கி வைத்துக்கொள்வது எளிதாக இருந்தது. போகியன்று மட்டும் என் மதிப்புக் கூடுகிறது. கொங்குநாட்டிலிருந்து குடிவந்த இரண்டு குடும்பங்கள், காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் என் வேலியில்தான் பறிக்கிறார்கள்.

சரி, கிழங்குக்கு வருகிறேன்.

எல்லாம் தூங்குகிறதென்று எதிர்வீட்டாரிடம் பெருமையாகச் சொன்ன அதே வாரம், கிளுவை வேலியில் ஒரு சந்து விழுந்திருக்கிறதே என்று புதுப் போத்து ஊன்றப் போனேன். கடப்பாரையின் இரண்டாவது குத்தில் சரளை கிணுங்கவில்லை, மெத்தென்று இறங்கியது. கையை விட்டு எடுத்துப் பார்த்தால் காந்தள் கிழங்கு. கலப்பை மாதிரி வளைந்து இரண்டு கை. கலப்பைக் கிழங்கு என்று அதனால்தான் சொல்கிறார்கள். ஒரு கை நடுவில் ஒடிந்திருந்தது, வெட்டுவாய் வெண்ணெய்போல வெள்ளை. அதுகூடப் பரவாயில்லை. இந்தக் கிழங்குக்கு உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் கிடையாது. ஒவ்வொரு கைக்கும் நுனியில் ஒரே ஒரு முளை. அது போனால் கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. ஒரு நுனி கடப்பாரையில் நசுங்கியிருந்தது. மற்றது மண்ணில் எங்கோ உதிர்ந்துவிட்டது; தேடியும் கிடைக்கவில்லை.

இடம் எனக்குத் தெரியாதா என்றால், தெரியும் என்றுதான் நினைத்தேன். நட்ட இடத்தில் செங்கல் வைத்திருந்தேன். ஆனால் போன வருஷத்துக் கிழங்கு இந்த வருஷம் இருப்பதில்லை. அது சுருங்கிச் சக்கையாகி, அதன் சத்தில் புதுக் கிழங்கு பக்கத்தில் உருவாகிறது. நாலு வருஷத்தில் நாலு பிறவி எடுத்து, செங்கல்லிலிருந்து மூன்றடி நகர்ந்து வேலிக்கு வந்திருக்கிறது. நான் காவல் வைத்தது செங்கல்லுக்கு.

மறுபடி புதைத்தேன். ஆடி வந்தது, போயிற்று. ஒன்றும் எழவில்லை.

ஆனால் அதற்கு முந்திய தையில் வெடித்த காய்களிலிருந்து விதை எடுத்து வைத்திருந்தேன், குன்றிமணியைவிடச் சற்று மங்கலான சிவப்பு, பதினேழு விதை. முளைக்கவே மாதக்கணக்காகும். முளைத்ததும் முதல் மழையில் புல்மாதிரி ஒற்றை இலைதான் வரும், கீழே பயறளவு கிழங்கு கட்டிக்கொண்டு படுத்துவிடும். பூவுக்கு மூன்று நாலு மழை காத்திருக்க வேண்டும் என்கிறார்கள் மூலனூரில். நொச்சி அடியில் பதினேழையும் விதைத்தேன். இந்தத் தடவை செங்கல் இல்லை. சுற்றி நாலு சவுக்குக் குச்சி அடித்து, மேலே சிவப்புத் துணி கட்டினேன். ஆயாவிடமும் சொல்லி வைத்தேன்.

"கண்வலிக் கெழங்கா? ஆடு துன்னா செத்துப்பூடும். நானே பாத்துக்கறேன், நீ போ" என்றார்.

போன வாரம் பார்த்தபோது நாலு குச்சியில் மூன்று இல்லை. ஆயா புதிதாக வாங்கிய வெள்ளாட்டுக் குட்டிகள் மூன்றும் அவர் வீட்டு வாசலில் முளை அடித்துக் கட்டப்பட்டிருந்தன, முளை ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி. கேட்டேன். "வெறுங்குச்சிதானே நின்னுனு இருந்துச்சு" என்றார். நாலாவது குச்சியும் சாய்ந்து கிடந்தது. இனி ஆடி வரைக்கும் அந்தப் பக்கம் கால் வைக்க வேண்டாமென்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.